பொக்கை வாயில் ஒரு பல்

7

வரவேற்பறைச் சுவரில் பதினோரு மூளைகள் வரிசையாக மாட்டியிருந்தன.

"அண்ணி, இத்தனை மூளையை ஒரே இடத்துல இப்பதான் பாக்கறேன். நம்ம குடும்ப ஃபோட்டோவுல தேடினாக்கூட இவ்வளவு சிக்காது," என்றான் கொழுந்தன்.

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து, உயிரோடு இருக்கிறவனுக்கு வந்த மரணச் சான்றிதழையும் நடக்கிறவனுக்கு வந்த கால் எலும்பு முறிவையும் பிடித்துப் பிடித்துச் சலித்தவள். இப்போது தையல் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். கொழுந்தன் அவள் புருஷனுடைய தம்பி. வாயாலேயே மூன்று வேலை போனவன். வெளியே விட்டால் நாலாவதும் போகும் என்று அண்ணியே வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

இடம், பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படிம ஆராய்ச்சி மையம். ஊரில் எல்லோருக்கும் அது ஸ்கேன் கட்டடம். வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே பளிங்குத் தரை, தரையைவிட வழுவழுப்பாக ஒரு விளம்பரப் பலகை: 'முதுமை மறதிக்கு விடிவு! எங்கள் மருந்து உட்கொண்ட பதினோரு பெரியவர்களின் மூளை மீண்டும் இளமையானது! அனைத்து ஸ்கேன்களும் இயக்குநர் அவர்களே தம் கைப்பட எடுத்தவை!'

மூன்று ஆச்சரியக்குறி. ஆராய்ச்சிக்கு ஆச்சரியக்குறி எதற்கு என்று ஒருத்தரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மணி இரண்டு. நாலு மணிக்கு மாடியில் விசாரணை. அது முடிந்தால் இந்த மையத்தின் ஸ்கேன் டெக்னீஷியனுக்கு வேலை போய்விடும். வேலை மட்டும் போனால் பரவாயில்லை. 'ஆராய்ச்சித் தகவலை அழித்தவள்' என்று பெயர் வாங்கிவிட்டால் அதன்பிறகு எந்த ஆஸ்பத்திரியும் அவளை மெஷின் பக்கத்தில் விடாது.

அவள் இப்போது அண்ணிக்கு அருகில்தான் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயது. தலைமுடியை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தாள். ஹேர்பின் இல்லை, தோடு இல்லை, வாட்ச் இல்லை. எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கும் காந்த மெஷின் இருக்கும் அறைக்குள் தினமும் போய் வருகிறவர்களுக்கு இது பழகிப்போன கோலம்.

"இன்னொரு தடவை சொல்லும்மா. இவன் நேத்து தூங்கிட்டான்," என்றாள் அண்ணி.

"கண்ணை மூடிக்கிட்டு யோசிச்சேன் அண்ணி."

"குறட்டை விட்டு யோசிச்சான். நீ சொல்லு."

டெக்னீஷியன் கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள். "இந்தப் பதினோரு பேர்ல எங்கப்பாவும் ஒருத்தர். மருந்துக்கு முந்தின ஸ்கேன் நான் எடுத்தது. பிந்தின ஸ்கேன் நேரத்துல என்னை மூணு வாரம் வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்பிட்டாங்க. பெரிய மூளையே எடுத்தாராம்."

"பெரிய மூளை?"

"இயக்குநர். நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் பாராட்டுன்னு நினைச்சுக்குவார்."

கொழுந்தனுக்கு அவளை அந்த நொடியே பிடித்துப்போயிற்று.

"திரும்பி வந்து பாத்தா, அப்பா மூளை முப்பது வயசுக்காரன் மூளை மாதிரி இருக்கு. அதோட இதுவும் இருக்கு." இரண்டாவது தாளின் கீழ்ப்பகுதியைத் தொட்டாள். தாடை இருக்கவேண்டிய இடத்தில், வலது ஓரமாக, மை கொட்டியதுபோல ஒரு கறுப்பு. "ஆராய்ச்சிப் படத்துல ஆள் யாருன்னு தெரியக்கூடாதுன்னு முகத்தை வெட்டி எடுத்துடுவோம். ஆனா வாயில உலோகம் இருந்தா அதைச் சுத்தி இப்படிக் கறுப்பு விழும். இது கடைவாய்ப் பல்லு மேல மூடி மாதிரி போட்ட கேப்."

"சரி, கேப் போட்டுக்கிட்டிருப்பார்," என்றான் கொழுந்தன்.

"எங்கப்பாவுக்குப் பல்லே இல்லை சார். பத்து வருஷமா பொக்கை வாய். பல்செட்டைக் கழட்டி என் கையில குடுத்துட்டுத்தான் படுத்தார்."

கொழுந்தன் இரண்டாவது தாளை வாங்கி அந்தக் கறுப்பை மறுபடி பார்த்தான்.

"அசல் ஸ்கேனைத் திறந்து காட்டுங்கன்னு பெரிய மூளைகிட்ட கேட்டேன். 'நாளைக்குப் பாக்கலாம்'னார். மறுநாள் பதினோரு பேரோட அசலும் காணோம். கம்ப்யூட்டர்ல என் பேர், என் பாஸ்வேர்டு. நான்தான் அழிச்சேனாம். அந்தப் பாஸ்வேர்டு வருஷக்கணக்கா மானிட்டர்ல சீட்டு ஒட்டி வச்சிருக்கு. அவர்தான் ஒட்டச் சொன்னார். அவருக்கு ஞாபகம் நிக்காதாம்."

"மறதிக்கு மருந்து கண்டுபிடிச்சவருக்கா?" என்றான் கொழுந்தன்.

அண்ணி சுவரைத் தட்டினாள். "தம்பி, இங்க வா. மொதல் படத்துல கறுப்பு இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டாவதுல?"

கொழுந்தன் நடந்தான். மூன்று, நாலு, ஐந்து. ஒவ்வொன்றிலும் அதே ஓரத்தில் அதே கறுப்பு. ஏழாவது படத்துக்கு வந்தபோது அவனுக்குச் சிரிப்பு முட்டியது. பதினொன்றில் அடக்க முடியவில்லை.

"அண்ணி! பதினோரு கிழவர்களுக்கும் சேத்து ஒரே பல்லு!"

"மெதுவா. இதை ஃப்ரேம் போட்டு, லைட் வச்சு, வாசல்ல மாட்டியிருக்கான் பாரு. திருடின நகையைக் கழுத்துல போட்டுக்கிட்டு ஸ்டுடியோவுல போய் நின்ன மாதிரி." அண்ணி கண்ணாடியைக் கீழே இறக்கினாள். "எத்தனை பேராசிரியர் இதைத் தாண்டிப் போயிருப்பாங்க. ஒருத்தர்கூட நின்னு பாக்கலை. பக்கத்துல மாட்டியிருக்கிற பெரிய மூளையோட ஃபோட்டோவைப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போயிருக்காங்க."

"இப்ப நம்ம என்ன செய்யணும்?"

"பல்லுக்குச் சொந்தக்காரனைக் கண்டுபிடிக்கணும். வெளியாளைக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டார், அவனுக்குப் பயப்படணும். பதினோரு தடவை படுன்னா ஏன்னு கேக்காம படுக்கற ஆள். அப்படின்னா கைக்குள்ள இருக்கிற ஆள். ஊரையே சிரிக்க வைப்பேன்னு பீத்திக்குவியே, இன்னைக்கு அந்த வாய் ஒரு காரியத்துக்கு ஆகட்டும். ஒவ்வொருத்தரையும் சிரிக்க வை. கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பாரு. கறுப்பு இருக்கிற பக்கம்."

"வேலை கெட்ட வேலை" என்று முணுமுணுத்தானே தவிர, கொழுந்தனுக்கு உள்ளுக்குள் குஷிதான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் வாய்க்கு ஒரு உத்தியோகம் கிடைத்திருக்கிறது.

வாசல் போர்ட்டிகோவில் இயக்குநரின் கார் நின்றது. டிரைவர் பானெட்டில் சாய்ந்து வேர்க்கடலை மென்றுகொண்டிருந்தார். முப்பது வயதைத் தாண்டி இரண்டு மூன்று இருக்கும். கடலையை வலது கன்னத்திலேயே அடக்கி, அந்தப் பக்கமாகவே மென்றார்.

"என்ன அண்ணே, பெரிய இடத்து வண்டி. உள்ள உக்காந்தாலே புத்தி வளருமாமே?"

டிரைவர் வாய் விட்டுச் சிரித்தார். நல்ல மனுஷன், சிரிக்கச் சொன்னால் கஞ்சத்தனம் பண்ணாத ஆள். கொழுந்தன் குனிந்து வலது பக்கம் பார்த்தான். எல்லாம் சொந்தப் பல், கடலைத் தோல் ஒட்டிய சொந்தப் பல்.

"அய்யாவைக் கிண்டல் பண்ணாதீங்க தம்பி," என்றார் டிரைவர். "தங்கமான மனுஷன். என் உடம்பு மேல எனக்கு இருக்கிற அக்கறையைவிட அவருக்குத்தான் ஜாஸ்தி."

இவர் இல்லை என்று ஒரு பெயரை அடித்தான். வரவேற்பு மேஜைப் பெண் சிரித்தாள், முத்துப் பற்கள். குளிர்பதன மெக்கானிக் சிரிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். பிறகு இயக்குநரைப் பற்றி அவரே ஒரு ஜோக் சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரித்தார். கேப் இல்லை. ஃபைல் தூக்கும் உதவியாளருக்கு வலது பக்கம் பல்லே இல்லை. கடைசியில் 'முன்னறிவிப்பின்றி நுழையாதீர்' என்று எழுதிய கதவைத் தட்டாமல் திறந்தான்.

பெரிய மூளை கண்ணாடி முன்னால் டை கட்டிக்கொண்டிருந்தார். அறை முழுக்கக் கேடயங்கள். நாலு சுவரிலும் அவர் யார் யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"யார் நீ?"

"சாயங்கால விசாரணைக்கு வந்திருக்கிற மேடத்தோட ஆள் சார். நீங்களே ஸ்கேன் எடுத்தீங்களாமே, அதான் ஒரு தடவை கண்ணால பாத்துட்டுப் போகலாம்னு."

இயக்குநர் மலர்ந்தார். "ஸ்கேன் எடுக்கறது என்ன பெரிய வித்தை? பச்சை பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான். அதைச் செய்யறவங்களுக்கெல்லாம் நாம சம்பளம் குடுக்கறோம். அவங்க தங்களை விஞ்ஞானின்னு நினைச்சுக்கறாங்க!"

தன் பேச்சுக்குத் தானே கடகடவென்று சிரித்தார். வலது பக்கம் விலையுயர்ந்த பல் வைத்தியம் தெரிந்தது. எல்லாம் வெள்ளைப் பீங்கான், உலோகம் இல்லை.

மூன்றரை மணிக்குக் கொழுந்தன் தொங்கிய முகத்துடன் திரும்பினான். ஸ்கேன் அறைக்கு வெளியே, கண்ட்ரோல் மேஜை முன்னால் அண்ணியும் டெக்னீஷியனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பதினாலு பேரைச் சிரிக்க வச்சுட்டேன் அண்ணி. தாடை எனக்குத்தான் வலிக்குது. இனிமே மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்கற வேலைக்குக் கூப்பிட்டாலும் போவேன்."

டெக்னீஷியன் பக்கென்று சிரித்தாள். இத்தனை நாள் கவலையும் சேர்ந்து வெளியே வந்த சிரிப்பு. அவளுடைய கீழ் வரிசையில், வலது கடைவாயில், பளிச்சென்று ஒரு உலோக கேப்.

கொழுந்தன் குனிந்து மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொண்டான். அண்ணியின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"அண்ணி, போச்சு. நம்ம கட்சிக்காரியேதான். வலது பக்கம், கீழ, கேப். கண்ணால பாத்துட்டேன்."

"ஓஹோ," என்றாள் அண்ணி. பிறகு உரக்கவே, "அம்மா, இவன் உன்மேல சந்தேகப்படறான். உனக்கு வலது பக்கம் கேப் இருக்காம்," என்றாள்.

கொழுந்தன் பூமி பிளக்காதா என்று பார்த்தான். டெக்னீஷியனோ கோபப்படாமல் அவனை உற்றுப் பார்த்தாள். "சார், நீங்க எல்லாரோட வாயிலயும் வலது பக்கமா பாத்தீங்க?"

"படத்துல வலது பக்கம்தானே கறுப்பு?"

"அட ராமா!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "படத்துல இருக்கிற ஆள் உங்களைப் பாத்து நிக்கறதா நினைச்சுக்கங்க. உங்களுக்கு எதிர்ல நிக்கறவருக்கு எது இடது கை?"

கொழுந்தன் காற்றில் யாருக்கோ கை கொடுத்துப் பார்த்தான். முகம் மாறியது.

"படத்துல வலது, ஆளுக்கு இடது. இந்த வேலைக்கு வந்த மொத நாள் இதைத்தான் சொல்லித் தருவாங்க. இது தெரியாம மெஷின் பக்கத்துலகூட வர முடியாது."

"அண்ணி, நீங்கதானே வலதுன்னு..."

"கறுப்பு இருக்கிற பக்கம்னு சொன்னேன். வலதுன்னா சொன்னேன்? ஒண்ணரை மணி நேரம் ஊரார் வாயைத் தப்பான பக்கமா பாத்துட்டு வந்திருக்கான், பழியை என் மேல போடறான்." சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கிண்டல் இல்லை. "மூணு முப்பத்தஞ்சு. பதினாலு பேரையும் மறுபடி சிரிக்க வைக்க நேரம் இல்லை. யோசி. யாராவது ஒரு பக்கமா..."

"கடலை!" என்று கத்தினான் கொழுந்தன். இடது பக்கம் கூசுகிறவன்தான் வலது கன்னத்திலேயே மெல்லுவான். அவன் ஓடினான்.

போர்ட்டிகோ காலி. கார் இல்லை. 'விருந்தாளியைக் கூட்டிட்டு வரப் போயிருக்கார், நாலு மணிக்கு மேலதான் வருவார்' என்றாள் வரவேற்பு மேஜைப் பெண். கொழுந்தன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். தன் முட்டாள்தனத்தால் ஒரு பெண்ணின் பிழைப்பு போகப்போகிறது என்று நினைக்க நினைக்க அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மாடியில் சரியாக நாலு மணிக்கு விசாரணை தொடங்கியது. விசாரணை என்று பெயர்தான். பல்கலைக்கழகப் பதிவாளர் முன்னால் பணிநீக்க உத்தரவு இருந்தது. அதில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். தேதிதான் பாக்கி. குற்றவாளியை விசாரித்துவிட்டுத் தண்டிப்பது பழைய முறை. இங்கே நேரத்தை மிச்சம் பிடித்திருந்தார்கள்.

இயக்குநர் வாய் கிழியப் பேசினார். நம்பிக்கைத் துரோகம் என்றார். விஞ்ஞானத்தின் முதுகில் குத்து என்றார். டெக்னீஷியன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம் சார்," என்று எழுந்தாள் அண்ணி. அவள் கையில் சுவரில் இருந்த பதினோரு படங்களின் சிறு அச்சுப் பிரதி. "பதினோரு படத்துலயும் ஒரு கறுப்பு இருக்கு. அது என்ன?"

இயக்குநர் படத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, விழித்தார். பிறகு சிரித்தார். "அதுதான் மருந்து வேலை செய்யற இடம். எல்லாருக்கும் ஒரே இடத்துல வந்திருக்கு பாருங்க. இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

பதிவாளர் பயபக்தியுடன் தலையாட்டினார்.

"ஆகா. அது ஆளுக்கு எந்தப் பக்கம் சார்?"

"என்னம்மா கேள்வி இது? கண்ணு தெரியலையா? வலது பக்கம்."

"இடது," என்றாள் டெக்னீஷியன். தலை நிமிர்த்தாமல், பழக்கதோஷத்தில், தன்னையறியாமல் சொல்லிவிட்டாள்.

அண்ணி பதிவாளரைப் பார்த்தாள். "இந்தக் கட்டடத்துல படம் பாக்கத் தெரிஞ்சவங்க யாருன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும் சார். அவங்களைத்தான் வீட்டுக்கு அனுப்பறீங்க."

"வாய்ச் சண்டைக்கு நேரம் இல்லை!" இயக்குநர் மேஜையைத் தட்டினார். "தேதியைப் போடுங்க!"

பதிவாளர் பேனாவைத் திறந்தார். அண்ணி கதவைப் பார்த்தாள். கதவு அசையவில்லை. பேனா முனை தாளில் இறங்கியது. நாள் எழுதியாயிற்று. மாதம் எழுதும்போது கதவு திறந்தது. கொழுந்தன் மூச்சிரைக்க நின்றான். பின்னால் டிரைவர், கையில் தொப்பியோடு.

"மன்னிக்கணும் சார்," என்று கொழுந்தன் பதிவாளரைப் பார்த்துக் குழைந்தான். "இயக்குநர் அய்யா வேலைக்காரங்க மேல எவ்வளவு அக்கறை காட்டறார்னு நீங்க நேர்ல கேக்கணும்னு இவரைக் கூட்டிட்டு வந்தேன். சொல்லுங்க அண்ணே. அய்யா உங்களுக்கு என்ன செஞ்சார்?"

"நீ வெளிய போ!" என்றார் இயக்குநர் டிரைவரிடம். குரல் கீச்சென்று வந்தது.

டிரைவர் வெட்கத்தோடு நெளிந்தார். "அய்யாவுக்கு இதெல்லாம் வெளிய தெரியறது பிடிக்காது சார். மத்தவங்களும் கேப்பாங்க, யார்கிட்டயும் சொல்லாதேன்னார். ஆனா நல்லதைச் சொன்னா என்ன? எனக்குப் பதினோரு தடவை ஃப்ரீயா தலைக்கு ஸ்கேன் எடுத்தார் சார். ரெண்டு சனிக்கிழமையில. அவர் கையாலயே. எந்த முதலாளி செய்வான்?"

"சிரிங்க அண்ணே," என்றான் கொழுந்தன். "நல்லா, காருகிட்ட சிரிச்ச மாதிரி."

டிரைவர் சிரித்தார். கீழ் வரிசை, இடது கடைவாய், உலோக கேப்.

"அவன் ஒரு உளறுவாயன்!" என்றார் இயக்குநர். "கேப் ஆயிரம் பேருக்கு இருக்கும்!"

"இருக்கும் சார்," என்றாள் டெக்னீஷியன். இப்போது அவள் நிமிர்ந்திருந்தாள். "ஆனா மூளையோட மடிப்பு ஆளுக்கு ஆள் வேற, கைரேகை மாதிரி. மெஷின் கீழதான் இருக்கு. இவரைப் படுக்க வச்சு ஒரு ஸ்கேன் எடுத்து, உங்க சுவர்ல இருக்கிற படத்துப் பக்கத்துல வச்சுப் பாத்துடலாம். கால் மணி நேரம் போதும். எங்கப்பா மூளையா, இவர் மூளையான்னு தெரிஞ்சுடும்."

பெரிய மூளை நாற்காலியில் உட்கார்ந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் டிரைவர் வாயாலும் சேர்த்துக் கெட்டார். பதிவாளர் பேனாவை மூடினார். உத்தரவை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், கடைசியில் கிழித்தார். "எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது," என்றார்.

"அதான் முன்னாடியே கையெழுத்துப் போட்டு வச்சீங்களா?" என்றான் கொழுந்தன். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

படியிறங்கும்போது டெக்னீஷியன் சட்டென்று நின்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

"வேலை மிஞ்சிடுச்சேம்மா, அப்பறம் என்ன?" என்றாள் அண்ணி.

"அந்த ரிப்போர்ட் வந்த அன்னைக்கு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்க்கா. அப்பா அங்கதான் இருக்கார். 'அப்பா, நான் யாருன்னு சொல்லுங்க'ன்னு கேட்டேன். 'ஊசி போட வந்த நர்ஸம்மா'ன்னார். அப்பவும் நான் பேப்பரைத்தான் நம்பினேன். மூளை வளர்ந்துடுச்சு, மெல்ல மெல்ல ஞாபகம் வரும்னு ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தேன். மூணாவது நாள்தான் பல்லைப் பாத்தேன். பாக்காம இருந்திருக்கலாமோன்னுகூட தோணுச்சு."

அண்ணி அவள் தோளில் கை வைத்தாள். "அந்த ரெண்டு நாளைத்தான்மா அந்த ஆள் பதினோரு குடும்பத்துக்கும் வித்துக்கிட்டிருந்தான்," என்றாள். அவள் குரலில் இருந்த வெறுப்பைக் கொழுந்தன் அதற்கு முன் கேட்டதில்லை.

கீழே பதிவாளரும் சாட்சிக்கு இரண்டு பேராசிரியர்களும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். டிரைவர் சாவிக்கொத்தையும் பெல்ட்டையும் தட்டில் வைத்துவிட்டு, காந்த அறை வாசலில் தயங்கினார். நடந்தது அவருக்குப் பாதி புரிந்திருந்தது.

"அப்ப எனக்கு நோய் இருக்கான்னு பாக்கலையா தம்பி?"

"இல்லைண்ணே. ஆனா உங்களுக்கு நல்ல மூளை. பதினோரு பேருக்குப் பங்கு போட்டும் மிச்சம் இருக்கு."

டெக்னீஷியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அட்டையில் செருகிய கேள்வித்தாளை எடுத்தாள். மெஷினுக்குள் போகும் யாரானாலும் கேட்டே தீரவேண்டிய கேள்விகள். ஒவ்வொன்றாகப் படித்தாள். இதயத்தில் கருவி ஏதாவது வைத்திருக்கிறதா? இல்லை. கண்ணில் இரும்புத் தூள் பட்டதுண்டா? இல்லை.

"வாயில உலோகம் ஏதாவது இருக்கா?"

"இருக்கும்மா. இடது பக்கம் கேப்." டிரைவர் வாயைத் திறந்து காட்டினார். பிறகு மாடியை நிமிர்ந்து பார்த்தார். "பதினோரு தடவை படுக்க வச்சார். அய்யா ஒரு தடவைகூட இதைக் கேக்கலையே."